ஒரு பேணி நிறையச் செல்லாக்காசு

"நீர் என்ன தலைப்பில் சேர்க்கிறீர்?"

இதைக் கேட்டவர் பல்கலைக்கழகக் காலத்தில் என்னோடு ஒரே விடுதி அறையில் இருந்தவர். நீண்டகாலமாக லண்டனில் வசிக்கிறார். கடந்த மாதம் விடுமுறையில் கொழும்புக்கு வந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வெள்ளவத்தையிலுள்ள எனது வீட்டுக்கு வந்திருந்தார். கதையோடு கதையாக நாணயம் சேர்ப்பது பற்றிய பேச்சு வந்தது. அவரும் சேர்க்கிறாராம். விக்டோரியா மகாராணி காலத்து இலங்கைச் செப்பு நாணயங்கள் மாத்திரம். கால் சதம், அரைச் சதம், ஒரு சதம், ஐந்து சதம். தொடக்கம் 1870, முடிவு 1901. எந்த ஆண்டுக்குரியது கைவசம் இருக்கிறது, எது இல்லை என்ற விபரமெல்லாம் கைத்தொலைபேசியில் ஓர் அட்டவணையாக இருந்தது. இன்னும் சில நாணயங்கள் அகப்பட்டால் வரிசை பூர்த்தியாகிவிடும் என்றார்.

நான் உள்ளே போய் எனது சேகரிப்பை எடுத்து வந்தேன். அது ஒரு பழைய பால்மாப் பேணி. மேசையில் அன்றைய பத்திரிகையை விரித்து, பேணியைக் கவிழ்த்தேன். நண்பர் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு குனிந்தார். ஒரு நாணயத்தை எடுப்பார், பார்ப்பார், வைப்பார். பத்து நிமிடமளவில் நிமிர்ந்து, "இது சேகரிப்பல்ல, சில்லறை" என்றார். பிறகுதான் தலைப்புப் பற்றிய கேள்வி வந்தது.

பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் தலைப்பு என்ற சொல்லுக்குப் பயப்படக்கூடாது. பிறர் எழுதியவற்றுக்குத் தலைப்புப் போட்டே என் வாழ்நாளில் பாதி போயிற்று. இருந்தும் நண்பரின் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. "சும்மா, பார்க்க ஆசை" என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் போனபிறகு யோசித்தேன். அந்தச் 'சும்மா' அவ்வளவு சும்மா அல்ல என்று பட்டது. அதனால் இதை எழுதுகிறேன்.

நாணயம் சேர்ப்போரின் உலகில் சில விதிகள் உண்டு. ஒரு நாட்டைத் தெரிவுசெய்ய வேண்டும். அல்லது ஒரு காலப்பகுதியை, ஓர் உலோகத்தை, ஓர் உருவத்தை. யானை பொறித்த நாணயங்கள் என்று சேர்ப்பவர் உண்டு, கப்பல் என்று சேர்ப்பவரும் உண்டு. தலைப்பு இல்லாதவன் கடைசி வாங்கில் இருக்கும் மாணவன். அவன் எதையும் பூர்த்தியாக்க மாட்டான், அவனுடைய சேகரிப்பை விற்கவும் முடியாது என்பார்கள். இரண்டும் உண்மை. எனது பேணியில் இருப்பவற்றை விலை பேசினால் பேணிக்குத்தான் கூடுதல் விலை கிடைக்கும்.

இந்தப் பேணிக்கு மூலதனமாக அமைந்தது எனது அம்மம்மாவின் கொட்டைப்பெட்டி. பனையோலையில் இழைத்த அந்தச் சிறு பெட்டியை யாழ்ப்பாணத்துப் பழைய பெண்கள் இடுப்பில் செருகி வைத்திருப்பார்கள். வெற்றிலை, பாக்கு, காசு எல்லாம் அதற்குள்தான். அம்மம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் கண் நன்றாக மங்கிவிட்டது. ஆயினும் காசு விடயத்தில் ஒருவரும் அவரை ஏமாற்ற முடியாது. பெட்டிக்குள் கையை விட்டு, விரலால் தடவியே கேட்ட காசை எடுத்துத் தருவார். நாற்சதுரமாக இருந்தால் ஐந்து சதம். விளிம்பு அலையலையாக இருந்தால் இரண்டு சதம் அல்லது பத்துச் சதம். சிறியது இரண்டு, பெரியது பத்து. வட்டமாகவும் விளிம்பில் வரியோடும் இருந்தால் இருபத்தைந்து அல்லது ஐம்பது. எங்கள் நாட்டின் பழைய சில்லறையைப் போல விரலுக்கு இவ்வளவு இதமாகச் செய்த சில்லறை எத்தனை நாட்டில் இருந்ததோ தெரியாது. சதுர ஐந்து சதம் 1909இல் வந்தது. அலை விளிம்புள்ள இரண்டு சதமும் பத்துச் சதமும் 1944இல் வந்தன. இப்போது புழங்கும் 2017ஆம் ஆண்டு வரிசையில் ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ரூபாக் குற்றிகள் எல்லாமே ஒரே நிறத்துத் துருப்பிடிக்காத உருக்கு. பகல் வெளிச்சத்திலேயே நான் இரண்டு தரம் பார்த்துத்தான் கொடுக்கிறேன்.

அந்தக் கொட்டைப்பெட்டியில் இருந்தவற்றை யாரும் தெரிந்தெடுத்துப் போடவில்லை. சந்தையில் மிச்சம் வாங்கியதும், பேரப்பிள்ளைகள் கைவிசேடமாகப் பெற்றுத் திருப்பிக் கொடுத்து வைத்ததும், பிறகு செல்லாமற் போனதும் அதில் கிடந்தன. பின்னாளில் அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, இலங்கையின் அரை நூற்றாண்டு அதற்குள் மடிந்து கிடப்பதைக் கண்டேன். ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை பொறித்த ஓர் ஐம்பது சதம் இருக்கிறது. 1943ஆம் ஆண்டுக்குரியது, வெள்ளியல்ல, பித்தளை நிறம். யுத்தகாலத்தில் இருபத்தைந்து சதத்துக்கும் ஐம்பது சதத்துக்கும் வெள்ளி போய் நிக்கல் கலந்த பித்தளை வந்தது. ஒரு சதக் குற்றியும் அக்காலத்தில்தான் மெலிந்தது. அந்த ஐம்பது சதத்தில் மன்னரின் பெயருக்குப் பின்னால் இந்தியாவின் சக்கரவர்த்தி என்ற பட்டமும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதே மன்னரின் 1951ஆம் ஆண்டு நாணயத்தில் அந்தப் பட்டம் இல்லை. ஒரு சாம்ராச்சியம் கழன்று விழுந்ததை நான் பாடப்புத்தகத்தில் படிப்பதற்கு முன்னர் அம்மம்மாவின் இடுப்பில் அது இருந்திருக்கிறது.

இரண்டு சதம் ஒன்றில் எலிசபெத் மகாராணி இருக்கிறார். 1957ஆம் ஆண்டுக்குரியது. அவரது தலையோடு இங்கே புழக்கத்துக்கு வந்த ஒரே பெறுமதி அந்த இரண்டு சதந்தான். 1963இல் மகாராணியும் போய், இலங்கையின் இலச்சினை பொறித்த குற்றிகள் வந்தன. ஒரு சதமும் இரண்டு சதமும் அலுமினியமாயின. அந்த 1963ஆம் ஆண்டுக் குற்றியில் பெறுமதி சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்னர் 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்துவிட்டது. நாணயத்தில் மாத்திரம் தமிழ் நின்றது. 1870இல் முதன்முதலாகச் சதக்கணக்கில் வார்க்கப்பட்ட செப்புக் காசிலேயே தமிழ் இருந்தது என்பதையும் இவ்விடத்தில் சொல்லவேண்டும். அந்தச் செப்புக் காசில் ஒரு மரமும் இருக்கும். அது என்ன மரம் என்று யாழ்ப்பாணத்தவனிடம் கேட்டால் பனை என்றுதான் சொல்வான். வேறு பதில் எதிர்பார்க்க வேண்டாம்.

அப்படியான செப்புச் சதம் ஒன்று என்னிடமும் இருக்கிறது. நண்பர் அதைக் கண்டதும் முதலில் முகம் மலர்ந்தார். பின்னர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதை யார் இப்படி மினுக்கியது?" என்று கேட்டார். நான்தான். பத்து வயதில், குத்துவிளக்கு மினுக்க அம்மா வைத்திருந்த புளியையும் சாம்பலையும் போட்டுத் தேய்த்தேன். நூறு வருடமாகப் படிந்த கபில நிறம் போய், புதுச்செம்பு போலப் பளபளத்தது. அன்று எனக்குப் பெருமை. நாணயம் சேர்ப்பவர்களின் கணக்கில் அது கொலைக்குச் சமன் என்று பிறகுதான் தெரிந்தது. (வாசகர்களில் யாராவது பழைய காசு வைத்திருந்தால், தயவுசெய்து கழுவ வேண்டாம். மலிவான பீவீசீ பிளாஸ்டிக் உறைகளுக்குள்ளும் போட வேண்டாம். சில வருடங்களில் பச்சைப் பசை போல ஒன்று பிடித்து உலோகத்தை அரித்துவிடும்.)

தட்டையாகிப்போன அலுமினியத் துண்டு ஒன்றும் பேணியில் உண்டு. அதைப் பார்த்துத்தான் நண்பர் தலையில் கை வைத்தார். ஒருகாலத்தில் அது ஐந்து சதம். கொக்குவில் புகையிரதக் கடவையில் நானும் ஒரு கூட்டாளியும் தண்டவாளத்தில் வைத்துவிட்டுப் பற்றைக்குள் ஒளிந்திருந்தோம். யாழ்தேவி ஏறிப் போனது. எடுத்துப் பார்த்தால் இலச்சினையும் இல்லை, எழுத்தும் இல்லை. மாவிலை போல நீண்டு, தொடச் சுட்டது. அம்மம்மா கண்டுபிடித்து, "லட்சுமியைக் கொண்டுபோய் ரயிலுக்குக் கொடுத்திருக்கிறாய்" என்று திட்டி, அதைப் பறித்துத் தன் கொட்டைப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டார். 1990இல் யாழ்தேவியின் யாழ்ப்பாண ஓட்டம் நின்றது. தண்டவாளமும் பிடுங்கப்பட்டது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் ரயில் வந்தபோது நான் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். காற்சட்டைப் பையில் அந்தத் தட்டையான ஐந்து சதமும் இருந்தது. எந்தத் தலைப்பின் கீழ் இதை வைப்பது? சேதமடைந்தது, பெறுமதி இல்லை என்று விலைப்பட்டியல் சொல்லும்.

தேய்மானம் என்ற விடயத்தில் எனக்கும் சேகரிப்பாளர்களுக்கும் ஒருபோதும் ஒத்துவராது. அவர்களுக்குக் கை படாத காசுதான் முதல்தரம். வார்ப்பகத்திலிருந்து வந்து நேரே உறைக்குள் போனதற்குத்தான் அதிக விலை. நான் அதைப் பார்க்கும்போதெல்லாம், கூறைக்கென்று எடுத்து உடுக்காமலே பெட்டியில் மடித்து வைத்த சேலைதான் ஞாபகம் வருகிறது. எனக்குப் பிடித்தது மன்னரின் மூக்குத் தேய்ந்த காசு. எத்தனை சந்தை, எத்தனை உண்டியல், எத்தனை சீட்டுக்காசு!

நான் சிறுவயதில் சேர்த்த முதலாவது பேணி இப்போது இல்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டபோது அது வீட்டு அலுமாரியின் மேற்தட்டில் நின்றுவிட்டது. அடுத்த வருடம் திரும்பிப் போனவர்கள் அலுமாரி நின்ற சுவரைக்கூடக் காணவில்லை. அம்மம்மா அதற்கு முன்னரே காலமாகிவிட்டார். அவருடைய கொட்டைப்பெட்டி பெரியம்மாவிடம் இருந்தது. மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்த சனத்துக்குள் பெரியம்மாவும் ஒருவர். தோளில் ஒரு பை, இடுப்பில் அந்தப் பெட்டி. எடுத்து வர நினைத்தவற்றில் பாதியை எடுக்க முடியவில்லை. இந்தப் பெட்டி எடுத்து வந்ததல்ல, உடம்போடு வந்தது.

பேணியின் மறுபாதி வெளிநாட்டுக் காசுகள். இவற்றையும் நான் தேடிப் போகவில்லை. எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து அவை தாமாக வரத் தொடங்கின. முதலில் இந்திய அணாக்களும் பைசாக்களும். அவை பழைய கதை, வேதாரணியப் பக்கம் போய்வந்த வள்ளக்காரர் காலத்திலிருந்தே ஊரில் கிடந்தவை. இந்திய இரண்டணாவும் எங்கள் ஐந்து சதம் போலச் சதுரம். பின்னர் பிரெஞ்சு பிராங்க், டொச் மார்க், ஒல்லாந்து கில்டர், நோர்வேயின் நடுவில் துளையுள்ள குறோணர், கனடாவின் மேப்பிள் இலைச் சதம். ஊருக்கு வந்து போனவர்கள் சட்டைப்பையில் மிஞ்சியதைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சிலர் கடிதத்துக்குள் வைத்து அனுப்பினார்கள்.

இவற்றிற் பல இப்போது தத்தம் நாடுகளிலேயே செல்லாது. 2002 ஜனவரியில் யூரோ வந்ததும் மார்க்கும் பிராங்கும் கில்டரும் ஒரே மூச்சில் போயின. கனடா 2013 பெப்ரவரியில் ஒரு சதக் குற்றியை விநியோகிப்பதை நிறுத்தியது. அவுஸ்திரேலியா தனது ஒரு சதத்தையும் இரண்டு சதத்தையும் 1992இல் மீளப்பெறத் தொடங்கியது. அவற்றில் ஒரு பகுதியை உருக்கித்தான் 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கின் வெண்கலப் பதக்கங்களைச் செய்தார்கள். சுவிஸ் பத்து றாப்பன் மாத்திரம் 1879ஆம் ஆண்டிலிருந்து அதே உருவத்தோடு இன்றும் செல்கிறது. ஊரில் 'சுவிஸ்காரர்' என்றால் ஒரு தனி மரியாதை இருந்ததற்கு இதுவும் காரணமோ என்னவோ.

பேணியைக் கவிழ்த்து, காசுகளை நாடு நாடாகப் பிரித்து மேசையில் பரப்பினால், எங்கள் ஒரேயொரு ஒழுங்கையிலிருந்து யார் யார் எங்கே போனார்கள் என்ற படம் விழும். நான் அந்தப் படத்தை வரையத் திட்டமிட்டிருந்தால் வந்திருக்காது. 'புலம்பெயர்வு' என்று தலைப்பு வைத்துக்கொண்டு ஒருவன் கடைகடையாக ஏறி மார்க்கும் பிராங்கும் வாங்கினால் அவனிடம் நல்ல அல்பம் இருக்கும். அதில் எங்கள் ஒழுங்கை இருக்காது. எனக்கு இதில் கிடைக்கும் சந்தோசமும் அதுதான்: எது வரும் என்று தெரியாமல் இருப்பது, வந்ததைத் திருப்பி அனுப்பாமல் இருப்பது.

ஆனால் ஒரு தடவை நானும் தலைப்புக்கு ஆசைப்பட்டேன். மத்திய வங்கி 25 மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாக, 2013ஆம் ஆண்டு பொறித்த பத்து ரூபாக் குற்றிகளை வெளியிட்டது ஞாபகமிருக்கும். காரியாலயத்தில் எல்லோரும் சேர்த்தார்கள். நானும் சேர்த்தேன். இருபத்து நான்கு கிடைத்துவிட்டது. முல்லைத்தீவு மாத்திரம் அகப்படவில்லை. முச்சக்கரவண்டிச் சாரதியிடம், பஸ் நடத்துனரிடம், மரக்கறிக் கடையில் என்று பார்க்காத இடமில்லை. வாழ்நாளில் முதல் தடவையாகச் சில்லறையைப் பார்த்துக் கோபம் வந்தது, அது முல்லைத்தீவாக இல்லை என்பதற்காக. கடைசியில் புறக்கோட்டை நடைபாதையில் பழைய காசு விற்கும் ஒருவரிடம் அது இருந்தது. காசுக்குப் பதிலாக வெளிநாட்டுச் சில்லறை இருந்தால் கொண்டு வரும்படி சொன்னார். நான் வீட்டுக்கு வந்து பேணியிலிருந்து இரண்டு கையளவு அள்ளி ஒரு கடதாசிப் பைக்குள் போட்டுக்கொண்டு போனேன். என்ன என்ன போகிறது என்று பார்க்கவில்லை. அவர்மீது ஒரு குற்றமும் இல்லை, சொன்ன சொல்லுப்படி தந்தார். அல்பம் நிறைந்தது. அன்றிரவு இரண்டு தரம் திறந்து பார்த்தேன். அதன் பிறகு திறந்ததாக ஞாபகம் இல்லை.

இரண்டு வருடத்தின் பின்னர், 2016இன் தொடக்கத்தில், ஜேர்மனியில் அண்ணர் காலமானார். பெரியம்மாவின் மூத்த மகன். 1985இல் அவர் போன வழி அக்காலத்தில் பலர் போன வழி: கொழும்பிலிருந்து ரஷ்ய விமானம், மொஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பேர்ளின், பின்னர் ரயிலேறி மேற்கு பேர்ளின். போய்ச் சேர்ந்து எழுதிய முதலாவது கடிதத்தில் காபன் தாளில் சுற்றி ஒரு காசு வைத்திருந்தார். கிழக்கு ஜேர்மனியின் பத்துப் பெனிக். சுத்த அலுமினியம். ஒரு பக்கம் சுத்தியலும் கவராயமும், சுற்றிவரத் தானியக் கதிர். "இந்தக் காசு ஒரு நாள்தான் என்னிடம் செல்லுபடியானது, எங்கள் ஐந்து சதம் மாதிரிப் பாரமே இல்லை, தம்பிக்கு வைத்திருக்கட்டும்" என்று எழுதியிருந்தார். 1990 ஜூலையில் மேற்கின் மார்க் கிழக்குக்கும் வந்ததோடு கிழக்கின் மார்க் முடிந்தது. அந்த நாடும் அதே ஒக்டோபரில் முடிந்தது.

மரணச்செய்தி வந்த இரவு அந்தக் காசைத் தேடினேன். பேணியைக் கவிழ்த்துத் தேடினேன். கொட்டைப்பெட்டியின் இழைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். மேற்கு ஜேர்மனியின் ஐம்பது பெனிக் இருந்தது, முழங்காலில் இருந்து கன்று நடும் அந்தப் பெண்ணோடு. அலுமினியம் இல்லை. அது கடதாசிப் பைக்குள் முல்லைத்தீவுக்கு விலையாகப் போய்விட்டது.

அதே மாதிரிக் காசு இணையத்தில் மலிவாகக் கிடைக்கும். வாங்க நினைத்ததுண்டு. எந்த ஆண்டு பொறித்ததை வாங்குவது? நான் அதைக் குறித்து வைக்கவில்லை. இந்த இடத்தில் நண்பரின் கட்சிக்கு நான் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். தலைப்பு வைத்துச் சேர்ப்பவன் எழுதி வைக்கிறான்; என்னைப் போன்றவன் ஞாபகத்தை நம்புகிறான். அந்த இரவுக்குப் பிறகு நானும் எழுதுகிறேன். ஒவ்வொரு காசுக்கும் ஒரு துண்டுக் கடதாசி: யார் தந்தது, எப்போது, எங்கே. நண்பரின் அட்டவணையில் ஆண்டுகள் இருக்கின்றன. எனது துண்டுகளில் பெயர்கள். அவர் அந்தத் துண்டுகளைத்தான் அன்று அதிகநேரம் வாசித்தார்.

ஒழுங்காகச் சேர்ப்பவர்களை நான் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் எண்ணக்கூடாது. எச். டபிள்யூ. கொட்றிங்டன் 1924இல் இலங்கை நாணயங்கள் பற்றிய நூலை எழுதியிராவிட்டால் பலவற்றுக்கு இன்று பெயரே இருக்காது. ஒரு பக்கம் நிற்கும் மனித உருவமும், மறுபக்கம் படுத்திருக்கும் நந்தியும், அதன் கீழே 'சேது' என்ற தமிழ் எழுத்தும் கொண்ட செப்புக் காசுகளை இராமநாதபுரத்துக்குரியவை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. அவை யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் காசுகள் என்று சுவாமி ஞானப்பிரகாசர் வாதிட்டார். எங்கள் காலத்தில் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் அந்த ஆய்வை இன்னும் பின்னோக்கிக் கொண்டுபோனார். நூற்றுக்கணக்கான காசுகளை அருகருகே வைத்து ஒப்பிட்டால்தான் இப்படியான முடிவுக்கு வரமுடியும். எனது பேணியை நம்பி எந்த வரலாற்றையும் எழுத முடியாது.

அதேவேளை, 'என்ன கிடைத்தாலும் சேர்ப்பேன்' என்பவனுக்கு ஓர் எல்லை இருக்கவேண்டும். 2009இன் பின்னர் வடக்கில் பாதைகள் திறந்த காலத்தில், செய்தி தேடிப் போன இடத்தில் ஒருவர் சிறிய பிளாஸ்டிக் பையொன்றை எடுத்துக் காட்டினார். உலோகம் கண்டுபிடிக்கும் கருவியால் எடுத்ததாம். உள்ளே களிம்பேறிய ஏழெட்டுக் காசுகள். ஒன்றைத் திருப்பியபோது நந்தியின் முதுகு தெரிந்தது. விலையும் பெரிதாகச் சொல்லவில்லை. என் கை சட்டைப்பைக்குப் போனது உண்மை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி நிலத்துக்கடியில் கிடக்கும் தொல்பொருள் அரசுக்குரியது என்று அவருக்குச் சொன்னேன். எனக்குச் சட்டத்தைவிடப் பெரிதாகப் பட்டது வேறொன்று. எந்த மண்ணடுக்கில், எந்த ஓட்டுக்குப் பக்கத்தில் அந்தக் காசு கிடந்தது என்பதை அவர் ஏற்கெனவே அழித்துவிட்டார். இனி அது யாருடைய காசு என்று சொல்ல அதன் முகம் மாத்திரந்தான் மிச்சம். பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிப்பிப்பவர்களிடமாவது கொண்டுபோய்க் காட்டும்படி கேட்டேன். அவர் சிரித்தார். நான் வாங்காமல் வந்தேன். அவை பிறகு எங்கே போயின என்பது எனக்குத் தெரியாது. வாங்கிக் கொண்டுபோய் நானே ஒப்படைத்திருக்கலாம் என்று நண்பர் சொன்னார். இருக்கலாம். ஆனால் அவர் அடுத்த நாளே இன்னொரு குழி தோண்டியிருப்பார்.

கைமாறி வந்ததைச் சேர்க்கலாம், மண்ணிலிருந்து பிடுங்கியதைச் சேர்க்கக்கூடாது என்பதை அன்றிலிருந்து விதியாக வைத்திருக்கிறேன். தலைப்பு இல்லாதவனுக்கு ஒரு விதி போதும்.

2022 மார்ச்சுக்குப் பிறகு ரூபா சரிந்த சரிவில் ஒரு ரூபாக் குற்றிக்கும் மதிப்பில்லாமற் போய்விட்டது. கடைக்காரர் மிச்சத்துக்குப் பதிலாக ரொபி ஒன்றைத் தருகிறார். 'அஞ்சு சதத்துக்கும் உதவாதவன்' என்று ஊரில் திட்டுவார்கள்; இப்போதைய பிள்ளைகள் ஐந்து சதத்தைக் கண்டதில்லை, திட்டு மட்டும் இருக்கிறது. எனது மகள் நடைபாதையில் கிடந்த ஒரு ரூபாவை எடுத்து வந்து பேணியில் போட்டாள். அதற்கும் துண்டு எழுதியிருக்கிறேன்: 'வெள்ளவத்தை, மழைநாள், குனிந்து எடுக்க ஒருவரும் இருக்கவில்லை.'

நண்பர் புறப்படுவதற்கு முன்னர் காசுகளைத் திரும்பப் பேணிக்குள் போட உதவினார். கொட்டைப்பெட்டியைத் தூக்கியபோது அதன் அடியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு தட்டுப்பட்டது. மஞ்சள் வெளிறி மண்ணிறமாகிவிட்டது. முடிச்சு மாத்திரம் இறுக்கமாக இருக்கிறது.

அது நேர்த்திக்காசு. அண்ணர் கொழும்புக்கு பஸ் ஏறிய அன்று காலை, அவர் பத்திரமாகத் திரும்பி வந்தால் சந்நிதி முருகனுக்குப் போடுவதாக நேர்ந்து பெரியம்மா முடிந்து வைத்தது. சாமிப்படத் தட்டில் பத்து வருடம் இருந்தது. பின்னர் கொட்டைப்பெட்டிக்குள் நாவற்குழியும் தென்மராட்சியும் வன்னியும் கடந்து கொழும்புக்கு வந்தது. 2004இல் பெரியம்மா கண்ணை மூடுவதற்குச் சில நாட்களுக்கு முன்னர் பெட்டியை என்னிடம் தந்து, "அவன் வந்த பிறகு கோயிலிலை போட்டுவிடு" என்றார். அண்ணர் ஒருமுறையேனும் வரவில்லை. விசா இல்லாத காலத்தில் வரமுடியவில்லை, விசா கிடைத்த காலத்தில் வருவதற்கு ஆளில்லை என்று தொலைபேசியில் சொல்வார். வராதவனுக்காக நேர்ந்த காசை உண்டியலில் போடலாமா என்று ஓர் ஐயரிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "போட்டால் பிழையில்லை" என்றார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

"உள்ளே என்ன காசு?" என்று நண்பர் கேட்டார்.

தெரியாது என்றேன்.

"நீர் அவிழ்த்துப் பார்க்கவேயில்லையா? எண்பத்தைந்தில் முடிந்தது என்கிறீர். உள்ளே அதற்கு முந்தியதாகவும் இருக்கலாம். நல்ல சாமான் ஏதாவது..." என்று தொடங்கியவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். பிறகு முடிச்சைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து, அம்மம்மா செய்வது போலவே மெல்லத் தடவிப் பார்த்தார்.

"வட்டம். விளிம்பில் வரி இருக்கிறது. இருபத்தைந்து சதமாக இருக்க வேண்டும்" என்றார். முடிச்சை என்னிடம் தராமல், தானே கொட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடினார்.